பத்து ஆட்டத்தில் தெரிந்துவிடுமா?

கேள்வி: இருபது வருடமாக அமெரிக்கக் கால்பந்து பார்க்கிறேன். எங்கள் அணி டிராஃப்டில் (புதுமுகங்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதல் சுற்றில் எடுத்த குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன், பத்து ஆட்டம் ஆடிவிட்டான். டச்டவுனைவிட (எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) இன்டர்செப்ஷன்தான் (எறிந்த பந்தை எதிராளி பிடித்துவிடுவது) அதிகம். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். இவன் தேறமாட்டான், இப்போதே மாற்ற வேண்டும் என்கிறேன் நான். கல்லூரியில் படிக்கும் என் மகனோ, "கொஞ்சம் பொறுங்கப்பா" என்கிறான். எத்தனை வருடம்தான் பொறுப்பது? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் அந்த இளைஞரின் பெயரும் இருந்தது, அவரைப் பற்றிச் சில கடுமையான சொற்களும் இருந்தன. இரண்டையும் நான்தான் எடுத்தேன். கல்லூரியை விட்டு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பையன் அவர். "தேறமாட்டான்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவர் பெயரை அச்சில் போட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது பழமொழிக்கு வருவோம். பழமொழியில் தவறில்லை. ஆனால் முளையைப் பார்க்கத் தெரிந்த விவசாயி இலையை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார், குருத்தைப் பார்ப்பார், வேரடியில் ஈரம் இருக்கிறதா என்று மண்ணைத் தொட்டுப் பார்ப்பார். நீங்கள் இலையை எண்ணிவிட்டுப் பயிர் போச்சு என்கிறீர்கள்.

2018 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். அந்த டிராஃப்டின் முதல் சுற்றில் மட்டும் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் போனார்கள். முதல் இடத்தில் பேக்கர் மேஃபீல்டு கிளீவ்லாண்டுக்கு. மூன்றாவதாக சாம் டார்னால்டு, உங்கள் ஊர் ஜெட்ஸுக்கு. ஏழாவதாக ஜாஷ் ஆலன் பஃபலோவுக்கு. பத்தாவதாக ஜாஷ் ரோசன் அரிசோனாவுக்கு. சுற்றின் கடைசி இடமான 32-இல் லமார் ஜாக்சன் பால்டிமோருக்கு. முதல் வருட முடிவில் உங்களிடம் தீர்ப்புக் கேட்டிருந்தால் மேஃபீல்டைத் தலையில் தூக்கி வைத்திருப்பீர்கள். 27 டச்டவுன் பாஸ், புதுமுகம் ஒருவருக்கு அதுவரை யாரும் எட்டாத எண்ணிக்கை. ஆலனை நிச்சயம் கழித்திருப்பீர்கள். அவர் 10 டச்டவுனும் 12 இன்டர்செப்ஷனும் போட்டிருந்தார், எறிந்த பாஸில் 52.8 சதவீதம்தான் கைக்குப் போய்ச் சேர்ந்தது. உங்கள் அணிப் பையனைப் போலவேதான், டச்டவுனைவிட இன்டர்செப்ஷன் அதிகம்.

அப்புறம் என்ன நடந்தது? ஆலனின் அந்த 52.8 அடுத்த வருடம் 58.8 ஆனது. 2020-இல் 69.2. அந்த ஒரு சீசனில் 37 டச்டவுன் பாஸ். பஃபலோ 1995-க்குப் பிறகு முதல்முறையாகத் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. 2024 சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவராக மாறிவிடச் சொல்லிப் பலர் அறிவுரை சொன்ன ஜாக்சன் அதே விருதை இரண்டு முறை வாங்கிவிட்டார், 2019-இல் ஒரு வாக்குகூடச் சிதறாமல். மேஃபீல்டை நான்கு வருடத்தில் கிளீவ்லாண்ட் கைகழுவியது. அவர் பல அணி மாறி, டாம்பா பேயில்தான் மறுபடி தலைநிமிர்ந்தார்.

இதை வைத்து எல்லாப் பையன்களும் ஆலன் ஆவார்கள் என்று நான் சொல்லவில்லை. ரோசன் ஆகவில்லை. ஒரே வருடத்தில் அரிசோனா வேறொருவரை எடுத்துவிட்டு அவரை இன்னொரு அணிக்குக் கொடுத்துவிட்டது. அதன் பிறகு எங்குமே அவர் ஊன்றி நிற்கவில்லை. அவரிடம் சரக்கு இல்லையா, ஊன்ற நேரம் தரவில்லையா என்று இனி யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அவசரம் செய்யும் பெரிய கெடுதல் இதுதான். ஆளையும் கெடுக்கிறது, நம் கணிப்பு சரியா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் கெடுக்கிறது.

இருபது வருடமாகப் பார்க்கிறேன் என்கிறீர்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த ஒன்றையே நினைவுபடுத்துகிறேன். டிராஃப்டில் யார் முதலில் தேர்ந்தெடுப்பது? முந்தைய வருடம் அதிகம் தோற்ற அணி. ஆக, மிகத் திறமையான இளம் குவார்ட்டர்பேக் பெரும்பாலும் மிக மோசமான அணியில்தான் போய் விழுகிறார். முன்னே நின்று தடுக்க வேண்டிய லைன் ஓட்டை, பிடிக்க வேண்டிய ரிசீவர்கள் சுமார், கோச்சின் நாற்காலி ஆடிக்கொண்டிருக்கிறது. 2002-இல் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் புதிதாகத் தொடங்கிய அணி. டிராஃப்டில் முதல் ஆளாக டேவிட் கார் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். அவருடைய இடது பக்கத்தைக் காக்கவென்று அணிக்குள் கொண்டுவந்த டோனி பொசெல்லி தோள் காயத்தால் அந்த அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த வருடம் கார் 76 முறை சாக் ஆனார். ஒரே சீசனில் ஒரு மனிதரை 76 முறை பந்தோடு தரையில் சாய்த்தார்கள். அந்தப் பையனின் இன்டர்செப்ஷனை எண்ணி என்ன முடிவுக்கு வருவீர்கள்?

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஒரு பழக்கக் கோளாறு இருக்கிறது என்று நினைக்கிறேன். பேட்ஸ்மேன் போல்டானால் பெரும்பாலும் அவர் கணக்குதான். இங்கே அப்படியல்ல. ரிசீவரின் இரண்டு கைக்குள்ளும் போய் விழுந்த பந்து துள்ளி எதிராளியிடம் போனாலும் அது குவார்ட்டர்பேக் பெயரில்தான் இன்டர்செப்ஷன். உள்பக்கம் திரும்ப வேண்டிய ரிசீவர் வெளிப்பக்கம் ஓடினாலும் அவர் பெயரில்தான். எதிரணியின் உடையைப் பார்த்தும் வீம்புக்கு நடுவில் எறிந்தாலும் அதே ஒரு எண்தான். மூன்றும் ஒன்றா? முதல் இரண்டுக்காக ஒருவரைத் திட்டுவது அநியாயம். மூன்றாவதைத்தான் நாம் உட்கார்ந்து பேச வேண்டும்.

சரி, எதைப் பார்ப்பது? ஒரே ஒரு மூன்றாவது டவுனை (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு கெஜம் வேண்டும். பந்து கைக்கு வருகிறது. குவார்ட்டர்பேக் ஐந்து எட்டு வைத்துப் பின்னால் போகிறார். சுமார் இரண்டரை நொடி இருக்கிறது. அதற்குள் முதல் ரிசீவரைப் பார்த்து, அவரை மூடிவிட்டார்கள் என்று தெரிந்து, இரண்டாமவரிடம் கண்ணைக் கொண்டுபோக வேண்டும். இதற்குள் 130 கிலோ ஆள் ஒருவர் இடது தோளுக்கு ஒரு கை தூரத்தில் வந்துவிடுகிறார். இந்த நேரத்தில் பந்தைப் பார்க்காதீர்கள். பையனின் முகக்கவசம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பார்வை மைதானத்தின் தூரத்திலேயே நின்று, கால் மட்டும் அரை அடி முன்னால் நகர்ந்து இடம் பண்ணிக்கொள்கிறதா? அப்படியானால் அந்த பாஸ் தரையில் விழுந்தாலும் கவலைப்படாதீர்கள். பார்வை கீழே இறங்கி, ஓடிவரும் ஆளையே பார்க்கத் தொடங்கிவிட்டதா? அதுதான் கவலைக்குரிய அறிகுறி, அந்த பாஸ் டச்டவுனே ஆனாலும்.

டார்னால்டு கதை இதற்காகத்தான் எனக்குப் பிடிக்கும். 2018 செப்டம்பரில் டெட்ராய்ட்டில் அவருடைய முதல் ஆட்டம், வயது 21. அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் அவர் எறிந்த முதல் பந்தே, வலது பக்கம் ஓடிக்கொண்டே மைதானத்தின் குறுக்கே இடது பக்கம் வீசியது, எதிராளி கையில் சிக்கி டச்டவுன் ஆகிவிட்டது. அப்படியும் அன்று ஜெட்ஸ் 48-17 என்று ஜெயித்தது. அடுத்த வருடம் அக்டோபரில் நியூ இங்கிலாந்திடம் 33-0 என்று தோல்வி. அன்று டார்னால்டுக்கு நான்கு இன்டர்செப்ஷன். எந்தப் பக்கத்திலிருந்து யார் பாய்வார்கள் என்றே தெரியாதபடி நியூ இங்கிலாந்து கோச் பெலிசிக் பிளிட்ஸ் (குவார்ட்டர்பேக்மேல் பாயக் கூடுதல் ஆட்கள்) அனுப்பிக்கொண்டே இருந்தார். பென்ச்சில் வந்து உட்கார்ந்த டார்னால்டு, "எனக்குப் பேய்கள் தெரிகின்றன" என்றார். உடையில் மைக் இருந்ததால் ஊரே கேட்டது. கண் கீழே இறங்கிவிட்டதை ஓர் ஆட்டக்காரர் தன் வாயாலேயே சொன்னது அது. பயந்துபோன ஒரு பையனின் நேர்மையான பேச்சு. அதை வருடக்கணக்கில் கேலி செய்தார்கள். 2021-இல் ஜெட்ஸ் அவரைக் கரோலினாவுக்குத் தள்ளிவிட்டது. 2023-இல் சான் பிரான்சிஸ்கோவில் மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்து கற்றார். 2024-இல் மின்னசோட்டாவில், குவார்ட்டர்பேக்காக இருந்து கோச்சான கெவின் ஓகானலிடம் போனார். 35 டச்டவுன் பாஸ், அணிக்கு 14 வெற்றி. ஆள் அதே ஆள்தான். மண் மாறியது.

இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒரே தவறு திரும்ப வருகிறதா? 1998-இல் பேட்டன் மேனிங் முதல் வருடத்தில் 28 இன்டர்செப்ஷன் எறிந்தார். புதுமுகம் ஒருவர் எறிந்ததில் இன்றுவரை அதுதான் அதிகம். அவருடைய அணி இண்டியானாபொலிஸ் 3 வெற்றி, 13 தோல்வி. அடுத்த வருடம் இன்டர்செப்ஷன் 15 ஆகக் குறைந்தது, அணி 13 வெற்றி, 3 தோல்வி என்று அப்படியே தலைகீழானது. அதே டிராஃப்டில் அவருக்கு அடுத்து இரண்டாவதாகப் போனவர் ரயன் லீஃப். இருவரில் யாரை முதலில் எடுப்பது என்று அப்போது பெரிய விவாதமே நடந்தது. லீஃப் முதல் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தார். அந்த இரண்டு வாரத்தை மட்டும் பார்த்தவர்கள் லீஃப்தான் சரியான தேர்வு என்றிருப்பார்கள். மூன்றாவது ஆட்டம் கேன்சஸ் சிட்டியில். 15 பாஸில் ஒன்றுதான் சேர்ந்தது, மொத்தம் 4 கெஜம். மறுநாள் உடைமாற்றும் அறையில் ஒரு நிருபரிடம் அவர் கத்திய காட்சியை நாடே பார்த்தது. எனக்கு அந்த 4 கெஜத்தைவிட அந்தக் கத்தல்தான் பெரிய அறிகுறியாகத் தெரிகிறது. மோசமான ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் வரும், திங்கட்கிழமை காலையில் அந்தப் பையன் என்ன செய்கிறான் என்பதைப் பாருங்கள். லீஃப் பின்னாளில் போதைப் பழக்கத்திலும் சிறையிலும் சிக்கி, மீண்டு வந்து, அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறார். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

எத்தனை வருடம் என்று நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். மூன்று. இது என் இரக்கத்தில் வந்த கணக்கல்ல. முதல் சுற்றில் எடுத்தவருக்கு ஒப்பந்தம் நான்கு வருடம். ஐந்தாவது வருடமும் வேண்டுமா என்பதை மூன்றாவது சீசன் முடிந்ததும் அணி முடிவு செய்தாக வேண்டும். பணம் போடுகிறவர்களுக்கே மூன்று சீசன் அவகாசம் இருக்கிறது, பார்க்கிற உங்களுக்குப் பத்து ஆட்டம் போதுமா? அதிலும் ஒரு நிபந்தனை: மூன்றில் இரண்டு சீசனாவது ஒரே கோச்சிடம் ஆடியிருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு கோச்சை மாற்றி, வருடத்துக்கு ஒரு புதுப் பாடத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு, பையன் வளரவில்லை என்று சொல்லக்கூடாது.

உங்கள் மகன் பொறுக்கச் சொல்கிறார். சரிதான், ஆனால் சும்மா உட்கார்ந்து பொறுப்பதில் பயனில்லை. வரும் ஞாயிறு இருவரும் ஒன்றாக உட்காருங்கள். ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது டவுன் மட்டும் போதும். ஒவ்வொன்றிலும் கண் எங்கே இருந்தது, கால் எங்கே இருந்தது, லைன் எத்தனை நொடி தாங்கியது, தவறு புதியதா பழையதா என்று ஒரு வரி எழுதுங்கள். சீசன் முடியும்வரை எழுதுங்கள். முதல் வாரப் பக்கத்தில் இருந்த அதே தவறுகள் கடைசி வாரப் பக்கத்திலும் அப்படியே இருந்தால், உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்று நானே ஒப்புக்கொள்வேன். மைதானத்துக்கே போகிறவராக இருந்தால், அங்கே எழும் அந்த "பூ...ஊ" கூச்சலில் உங்கள் குரலைச் சேர்க்காதீர்கள். ஹெல்மெட்டுக்குள் அது நன்றாகவே கேட்கும்.

மூன்றாவது சீசன் முடிந்ததும் அந்த நோட்டோடு எனக்கு எழுதுங்கள். அப்போது அவருடைய பெயரைப் போட்டே பதில் எழுதுகிறேன்.