கமினோ நடைக்குக் கிளம்புகிறீர்களா? கேட்டவையும் பதில்களும்

கமினோ என்பது ஸ்பெயினின் சான்டியாகோ தேவாலயத்துக்குப் போகும் கிறிஸ்தவ யாத்திரை நடை. அதற்குப் பல வழிகள் உண்டு. பிரான்சின் சான்-ஜான்-பியே-தெ-போர் ஊரில் தொடங்கி, சான்டியாகோ வரை சுமார் 780 கி.மீ. போகும் பிரெஞ்சு வழியைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். பதில்களும் அதற்குத்தான்.

வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடக்கிறேன் அக்கா. கமினோவுக்கென்று தனியாக ஷூ வேண்டுமா?

வேண்டும் தம்பி. வேளாங்கண்ணி வழியில் பெரும்பாலும் சமதளமான தார் ரோடு, சில நாளில் முடிந்துவிடும். கமினோவில் ஒரு மாதத்துக்கு மேல் கல், சேறு, ஏற்ற இறக்கம். முதல் நாளே சுமார் 170 மீட்டர் உயரத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் ஏறி, ஸ்பெயினின் ரோன்செஸ்வாயெஸ் ஊருக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். விரல்கள் அடிபடுவது இந்த இறக்கத்தில்தான்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். நடைக்குப் போடப்போகிற சாக்ஸையும் கையோடு கொண்டு போங்கள். கயிறு கட்டாமல் காலை ஷூவுக்குள் முன்னால் தள்ளி நின்றால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். பருத்தி சாக்ஸ் வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெரினோ கம்பளி சாக்ஸ் நல்லது. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே வாங்கி, அதைப் போட்டே நடந்து பழகுங்கள்.

கொப்புளத்தில் ஊசியால் நூல் கோத்து விட்டால் நீர் வடிந்துவிடும் என்கிறார்களே?

தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த நூல் வழியாகவே கிருமி உள்ளே போகும். சின்னக் கொப்புளத்தைத் தொடவே வேண்டாம். பெரிதாகி வலித்தால், சுத்தப்படுத்திய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியவிட்டு, தோலை உரிக்காமல் மருந்து போட்டு மூடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் நீங்களே எதுவும் செய்யாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று: பாதத்தில் ஓரிடம் சூடாக உரசுகிற மாதிரி தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, டேப் ஒட்டுங்கள். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அதற்குள் கொப்புளம் வந்துவிடும்.

முதுகுப் பை எவ்வளவு எடை இருக்கலாம்?

உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கு. 60 கிலோ என்றால் 6 கிலோ, தண்ணீர் தனி. போட்டிருக்கும் உடை ஒன்று, துவைத்துப் போட இன்னொன்று, அவ்வளவுதான். மழைக்கோட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள், சான்டியாகோ இருக்கும் கலீசியா மாநிலத்தில் கோடையிலும் மழை வரும். "எதற்கும் இருக்கட்டும்" என்று எடுத்து வைத்ததையெல்லாம் வெளியே எடுங்கள். வழியில் இருக்கும் ஊர்களில் மருந்துக்கடை உண்டு. தண்ணீர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது: கார்ரியோன் தெ லோஸ் கோந்தெஸ் என்ற ஊரைத் தாண்டினால் சுமார் 17 கி.மீ. ஊரே கிடையாது.

நடை தொடங்குவது பிரான்சில். விசா யாரிடம் கேட்பது?

அதிக நாள் தங்கப்போவது ஸ்பெயினில், அதனால் ஸ்பெயினிடம். பிரான்ஸ், ஸ்பெயின் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

அம்மாவுக்கு 62 வயது, எனக்குப் பத்து நாள்தான் லீவு. முடியுமா?

தாராளமாக. இதே வழியில் கடைசிப் பகுதியில் இருக்கும் சாரியா ஊரில் தொடங்குங்கள். அங்கிருந்து சான்டியாகோ சுமார் 115 கி.மீ. யாத்திரை முடித்ததற்கான சான்றிதழுக்குக் கடைசி 100 கி.மீ. நடந்திருந்தால் போதும், ஆனால் யாத்திரை அட்டையில் தினமும் இரண்டு முத்திரையாவது வாங்க வேண்டும். அம்மாவின் பையை அடுத்த ஊருக்குக் கொண்டு சேர்க்க வண்டிச் சேவை இருக்கிறது. கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள், அதனால் நடை ஒன்றும் குறைந்துவிடாது.

பையைக் கட்டிலில் வைத்தால் விடுதியில் திட்டுகிறார்களாமே?

மூட்டைப்பூச்சி பயம். பையைத் தரையில் வையுங்கள், ஷூவை வாசல் அலமாரியில் விடுங்கள்.

சுத்த சைவம், முட்டையும் கிடையாது. சமாளிக்க முடியுமா?

கொஞ்சம் கஷ்டம்தான். தோர்த்தியா என்பது முட்டையும் உருளைக்கிழங்கும். பருப்பு சூப்பில் பன்றித் தொத்திறைச்சி போடுவார்கள், சாலட்டில் சூரை மீன் இருக்கும். "சின் அத்தூன்" என்றால் மீன் போடாமல் தருவார்கள். தக்காளி தேய்த்த ரொட்டி, பழம், கொட்டைகள் கைகொடுக்கும். பல விடுதிகளில் சமைத்துக்கொள்ளலாம். ஆனால் கலீசியா அரசு விடுதிகளில் அடுப்பு இருந்தாலும் பாத்திரம் பல இடங்களில் இருக்காது, ஒரு சின்னக் கிண்ணம் கையோடு இருக்கட்டும். சின்ன ஊர்களில் மதியம் இரண்டிலிருந்து ஐந்து மணி வரையும் ஞாயிற்றுக்கிழமையும் கடைகள் மூடியிருக்கும், அரிசி, காய் வாங்குவதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.