படகுக்குப் பிரேக் கிடையாது: வேகப் படகு கேள்வி பதில்

வேகமாக ஓடும் மீன்பிடிப் படகுகள் பற்றி வாசகர்கள் அனுப்பியவற்றில் அடிக்கடி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எல்லாமே வெளிப்பொருத்து எஞ்சின் (படகின் பின்பலகைக்கு வெளியே பொருத்தும் அவுட்போர்டு) மாட்டிய, ஸ்டீயரிங் வைத்து ஓட்டும் ஃபைபர் படகுகளைப் பற்றியவை.

கே: பல வருடமாகப் படகு ஓட்டுகிறேன். கில் ஸ்விட்ச் கயிற்றை மாட்டினால் அங்கே இங்கே நகர முடிவதில்லை. அனுபவம் உள்ளவர்களுக்கும் அது தேவையா?

ப: தேவை. கயிற்றின் ஒரு முனை உங்கள் உடலில், மறுமுனையின் கிளிப் ஸ்விட்சில்; நீங்கள் விழுந்தால் கிளிப் கழன்று எஞ்சின் அணையும். படகு வேகத்தில் தண்ணீருக்கு மேல் எழும்பி ஓடும்போது ஓட்டுநர் நகரவே கூடாது என்பதால், உங்கள் அசௌகரியம் கயிற்றின் குறை அல்ல. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் படகு நொடிக்கு 17 மீட்டர் போகிறது. மிதக்கும் கட்டை ஒன்று எஞ்சினின் காலில் (தண்ணீருக்குள் இருக்கும் கீழ்ப்பகுதி) இடித்து, ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்கப்பட்டு நீங்கள் தண்ணீரில் விழுந்தால், அந்த நேரத்தில் அனுபவம் கைகொடுக்காது.

விழுந்தபின் நடப்பதுதான் மோசம். ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஆளில்லாதபோது, சுழலும் ப்ரொப்பெல்லரின் முறுக்குவிசை எஞ்சினை ஒரு பக்கம் முழுவதுமாகத் திருப்பிவிடுகிறது. படகு வட்டம் போட்டு, விழுந்தவர் மிதக்கும் இடத்துக்கே திரும்பத் திரும்ப வருகிறது. 5500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5500 சுற்று) ஓடும் எஞ்சினின் கியர் விகிதம் 1.86 (எஞ்சின் 1.86 சுற்றுக்கு ப்ரொப்பெல்லர் ஒரு சுற்று) என்றால், ப்ரொப்பெல்லர் நொடிக்குச் சுமார் 49 சுற்று சுற்றும். மூன்று இதழ் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 150 வெட்டு.

கயிற்றை லைஃப் ஜாக்கெட்டில் தைத்திருக்கும் வளையத்தில் மாட்டுங்கள், அல்லது தொடையைச் சுற்றிப் போடுங்கள். சட்டைப் பொத்தான், பேன்ட் பெல்ட் மாட்டும் பட்டை இவையெல்லாம் இழுவையில் கிழிந்துவிடும். ஸ்டீயரிங்கைச் சுற்றி வராதபடி போடுங்கள். சுற்றியிருந்தால் வளைவில் திருப்பும்போது தானாகப் பிடுங்கிக்கொள்ளும். தினமும் கிளம்பும் முன், எஞ்சின் ஐடிலில் (வேகம் கொடுக்காமல்) ஓடும்போது கயிற்றை இழுத்துப் பாருங்கள். உடனே அணைய வேண்டும். இந்தச் சோதனையை வேகத்தில் செய்யாதீர்கள், உடன் இருப்பவர்கள் முன்னால் போய் விழுவார்கள். வெயிலில் காய்ந்து வெடித்த சுருள் கயிற்றை மாற்றிவிடுங்கள்.

பலர் மறப்பது ஒன்று உண்டு: உபரி கிளிப். நீங்கள் கயிற்றோடு தண்ணீரில் விழுந்தால் கிளிப்பும் உங்களோடு போய்விடும். அது ஸ்விட்சில் இல்லாமல் பல எஞ்சின்கள் ஸ்டார்ட் ஆகாது. படகில் மிச்சமிருப்பவர் உங்களை எடுக்க வர வேண்டுமானால் இன்னொரு கிளிப் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது, எப்படி மாட்டுவது என்று கிளம்பும் முன்பே அவருக்குக் காட்டியிருக்க வேண்டும்.

கே: குறிப்பிட்ட வேகத்தில் படகின் முன்பக்கம் மேலும் கீழுமாகக் குதிக்கிறது. அதற்கும் மேல் வேகம் எடுத்தால் இடமும் வலமுமாக ஆடத் தொடங்குகிறது. ஹல்லில் (படகின் உடற்பகுதியில்) கோளாறா?

ப: இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். ஹல்லைச் சந்தேகிக்கும் முன் ட்ரிம்மையும் (எஞ்சினின் காலைப் படகை நோக்கி உள்ளேயோ, விலக்கி வெளியேயோ சாய்க்கும் அளவு) ஸ்டீயரிங்கையும் பாருங்கள்.

குதிப்பது பெரும்பாலும் ட்ரிம்மை அளவுக்கு மேல் வெளியே தள்ளியதால் வருவது, அல்லது பின்பக்கம் பாரம் கூடியதால். அணியம் (படகின் முன்பக்கம்) தூக்கப்படுகிறது, தாங்க முடியாமல் விழுகிறது, மறுபடி தூக்கப்படுகிறது. ட்ரிம் பொத்தானைச் சின்னச் சின்னதாக அழுத்தி எஞ்சினை உள்ளே கொண்டுவாருங்கள். ஒவ்வொரு தட்டலுக்குப் பிறகும் ஓரிரு நொடி பொறுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் பெட்டி, கேன், நங்கூரம் எதையாவது முன்னால் நகர்த்துங்கள்.

பக்கவாட்டு ஆட்டம்தான் ஆபத்தானது. உச்ச வேகத்தில் ஹல்லின் பெரும்பகுதி தண்ணீருக்கு மேலே வந்துவிடும். அடிப்பக்கத்தின் பின்கோடியில் குறுகலான ஒரு பட்டை மட்டுமே தண்ணீரைத் தொட்டபடி ஓடும். அந்தப் பட்டையின் மேல் படகு இடது விளிம்புக்கும் வலது விளிம்புக்கும் மாறி மாறிச் சாய்கிறது, ஒவ்வொரு சாய்வும் முந்தையதைவிடப் பெரிதாகிறது. இந்த இடத்தில் கை செய்யத் துடிப்பது த்ராட்டிலை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி) சட்டென்று முழுதாக இறக்குவதை. கூடவே கூடாது. படகு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் நொடியில் அணியம் பொத்தென்று விழுந்து தண்ணீரைக் கவ்வினால், படகு அந்தப் பக்கம் வெட்டித் திரும்பி ஆட்களை வெளியே வீசும். த்ராட்டிலைக் கொஞ்சம் தளர்த்தி, ட்ரிம்மைக் கொஞ்சம் உள்ளே எடுங்கள். ஆட்டம் ஆரம்பித்த முதல் இரண்டு சாய்வுக்குள் செய்துவிட்டால் அடங்கிவிடும். ஸ்டீயரிங்கால் ஒவ்வொரு சாய்வையும் எதிர்த்துத் திருப்பி அடக்கக் கற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கை அரை நொடி பிந்தினால் நீங்களே ஆட்டத்தை வளர்த்துவிடுவீர்கள். புதியவர்களுக்கு நாங்கள் அதைச் சொல்வதில்லை.

கரைக்கு வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்கை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் எஞ்சினின் கால்பகுதியைப் பிடித்து இடமும் வலமும் அசைக்கட்டும். லொடலொடவென்று ஆடினால் கேபிள், இணைப்பு போல்ட், எஞ்சின் பொருத்து போல்ட் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் பஞ்சு போல் அமுங்கினால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. சிலிண்டர் தண்டின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் சீல் போய்விட்டது. ஸ்டீயரிங் எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால், ப்ரொப்பெல்லருக்கு மேலே தட்டின் அடியில் இருக்கும் சிறு துடுப்புத் தகட்டைக் கவனியுங்கள். வலப்பக்கம் இழுக்கிறதென்றால் தகட்டின் பின்னோரத்தை வலப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பி இறுக்கி, மறுபடி ஓட்டிப் பாருங்கள். எஞ்சினை உயரமாக மாட்டிய படகுகளில் அந்தத் தகடு ஓட்டத்தில் தண்ணீருக்கு வெளியே நிற்கும், அங்கே இந்த வைத்தியம் பலிக்காது.

கே: ட்ரிம்மை முழுவதும் உள்ளேயே வைத்து ஓட்டினால் இந்தத் தொல்லையே இல்லையே?

ப: வேறு தொல்லை வரும். கிளம்பும்போது முழுவதும் உள்ளே இருக்க வேண்டும், படகு எழும்பியதும் சிறிது சிறிதாக வெளியே எடுக்க வேண்டும். வேகத்திலும் உள்ளேயே வைத்திருந்தால் அணியம் தண்ணீரை உழுதுகொண்டு போகும், ஸ்டீயரிங் கனக்கும். சின்னத் திருப்பலுக்கே படகு முன்பக்கத்தை ஊன்றிப் பின்பக்கத்தைச் சுழற்றிவிடும். மறுகோடி எல்லையும் எளிதாகத் தெரியும்: ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் ட்ரிம்மை அதிகம் வெளியே எடுத்துவிட்டீர்கள்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் போனபின் அல்ல. ட்ரிம் கொஞ்சம் உள்ளே இருந்தால் ப்ரொப்பெல்லர் காற்றை உறிஞ்சாமல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். வளையப் போவதை உடன் இருப்பவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கே: முன்னால் உட்காரும் நண்பருக்கு ஒவ்வொரு முறையும் முதுகுவலி. அலையில் எப்படி ஓட்ட வேண்டும்?

ப: முதலில் நண்பரை நடுவுக்கோ பின்னுக்கோ மாற்றுங்கள். அலையில் அணியம்தான் அதிக உயரம் எழும்பி விழுகிறது. அங்கே உட்கார்ந்தவரின் முதுகெலும்பு நேராக அடி வாங்குகிறது, எலும்பு நசுங்கவும் செய்யும். தூண்டில் போட உயரக் கம்பத்தில் வைத்திருக்கும் இருக்கையில், படகு ஓடும்போது யாரும் இருக்கக் கூடாது.

எதிரலையில் ட்ரிம்மை உள்ளே எடுத்து, அணியத்தின் கூர்முனை அலையை வெட்டும்படி வேகத்தைக் குறைத்துப் போங்கள். நேருக்கு நேர் முட்டாமல் சற்றுச் சாய்வாக ஏறினால் அடி குறையும். பின்னாலிருந்து வரும் அலை பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் அதில்தான் அதிகம் ஏமாறுவார்கள். ட்ரிம்மைச் சற்று வெளியே எடுத்து அணியத்தை உயர்த்தி, முன்னால் போகும் அலையின் முதுகிலேயே அதன் வேகத்துக்கு ஓட்டுங்கள். முகட்டைத் தாண்டிச் சரிவில் இறங்கினால், அணியம் அடுத்த அலைக்குள் புதைந்து தண்ணீரை உள்ளே வாரிப் போடும். பின்னால் வரும் அலை படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்தும் விடும். பக்கவாட்டு அலையில் போகவேண்டிய இடத்துக்கு நேர்கோடு போடாமல், வளைந்து வளைந்து போங்கள்.

இன்னொன்று: வேகத்திலிருந்து சட்டென்று நின்றால் உங்கள் படகு எழுப்பிய அலையே பின்பக்கத்தில் ஏறி உள்ளே வரும். படிப்படியாகக் குறையுங்கள். அலை நெருங்கும்போது த்ராட்டிலைக் கொஞ்சம் கொடுத்தால் அது அடியில் கடந்துவிடும்.

கே: காலையில் நன்றாக ஓடும் படகு, மீன் பிடித்துத் திரும்பும்போது மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. ஏன்?

ப: உயிர்மீன் தொட்டி. 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. அதைப் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் வைத்திருப்பார்கள். போகும்போது தொட்டி காலி, எரிபொருள் டாங்க் நிறைய. வரும்போது நேர்மாறு. காலையில் சரியாக இருந்த ட்ரிம் அளவு மாலையில் சரியாக இருக்காது. அரைகுறையாக நிரம்பிய தொட்டி இன்னும் கெடுதல், தண்ணீர் உள்ளே அலைபாய்ந்து எடை இடம் மாறிக்கொண்டே இருக்கும். படகில் பதித்த கொள்ளளவுத் தகட்டின் எடைக்கணக்கில் ஐஸ், பேட்டரி, நங்கூரம் எல்லாம் சேரும். தூண்டில்கள், பெட்டிகள், குறிப்பாகப் பேட்டரி ஆகியவற்றைப் பட்டை போட்டுக் கட்டுங்கள்.

கே: காற்று நிரம்பும் லைஃப் ஜாக்கெட் லேசாக இருக்கிறது. அதுவே போதுமா?

ப: நிதானமாக மீன் பிடிக்கும் நேரத்துக்குப் போதும். வேகமாக ஓடும் நேரத்துக்கு மூன்று நான்கு பட்டை வைத்த ஃபோம் ஜாக்கெட்தான் எங்கள் சிபாரிசு. வேகத்தில் விழும்போது தண்ணீர் அடிக்கும் அடியில் ஒற்றைப் பட்டை ஜாக்கெட் கழன்றுபோகலாம். அதிவேகப் பயன்பாட்டுக்கு அல்ல என்று சில ஜாக்கெட்டுகளின் லேபிளிலேயே அச்சிட்டிருப்பார்கள். கையால் இழுத்து நிரப்பும் வகை, மயங்கி விழுந்தவருக்கு உதவாது. காற்று நிரம்பும் வகைதான் உங்களிடம் இருக்கிறதென்றால், வாயு உருளை கெட்டியாகத் திருகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் பாருங்கள். அவ்வப்போது கழற்றி எடை போட்டு, உருளையில் பொறித்த எடையோடு ஒப்பிடுங்கள்.

கே: ஆள் விழுந்துவிட்டால்?

ப: ஒருவர் விழுந்தவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்கட்டும். அவர் விழுந்த பக்கமாகவே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள், அப்போதுதான் படகின் பின்பக்கம் அவரை விட்டு விலகும். மிதவையை எறிந்துவிட்டு, சுற்றி வந்து காற்றுக்கு எதிர்முகமாக மெதுவாக நெருங்குங்கள். எட்டும் தூரம் வருவதற்கு முன்பே எஞ்சினை அணையுங்கள். நியூட்ரலை நம்பாதீர்கள், லீவரில் ஒரு முழங்கை பட்டால் கியர் விழுந்துவிடும். ஐடிலில் கூட ப்ரொப்பெல்லர் நொடிக்கு ஆறு சுற்றுப் போடும்.

கே: எதிரே படகு வந்தால் யார் ஒதுங்குவது?

ப: 1972-ம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, எஞ்சின் படகுகள் நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். குறுக்கே வந்தால், வலப்பக்கம் தெரியும் படகுக்கு நீங்கள் வழிவிட வேண்டும். முந்துபவர், முந்தப்படுபவருக்கு வழிவிட வேண்டும். வலை இழுக்கும் படகுக்கு மற்ற எஞ்சின் படகுகள் ஒதுங்க வேண்டும். ஆனால் ஓடிக்கொண்டே தூண்டில் இழுக்கும் படகுக்கு இந்தச் சலுகை இல்லை. இரண்டு படகும் 30 நாட் (மணிக்குச் சுமார் 56 கி.மீ.) வேகத்தில் நேருக்கு நேர் வந்தால் 300 மீட்டர் இடைவெளி சுமார் 10 நொடியில் காலி. ஆகவே சீக்கிரம் திரும்புங்கள். எதிரே வருபவருக்குச் சந்தேகமே வராதபடி பெரிதாகத் திரும்புங்கள்.

கே: தண்ணீருக்கடியில் ஏதோ இடித்தது. படகு ஓடுகிறது. அப்படியே வீடு திரும்பலாமா?

ப: முதலில் நில்லுங்கள். எல்லோருக்கும் அடிபடாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உள்தளத்தில் தண்ணீர் ஏறுகிறதா, எஞ்சின் மாட்டிய பின்பலகையில் கீறல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினை அணைத்து, கில் ஸ்விட்ச் கிளிப்பைக் கழற்றிய பிறகே ப்ரொப்பெல்லர் பக்கம் கையைக் கொண்டுபோங்கள். பிறகு மெதுவாக ஓட்டிப் பார்த்தால், அதிர்வு இருக்குமானால் இதழோ தண்டோ வளைந்திருக்கிறது. ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் வராவிட்டால், ப்ரொப்பெல்லர் நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறது. அந்த நிலையிலும் ஐடிலுக்குச் சற்று மேலே வைத்துக் கரை சேர்ந்துவிடலாம். உபரி ப்ரொப்பெல்லர், நட், வாஷர், பின், ஸ்பேனர், இதழ் சுழலாமல் அண்டை கொடுக்க ஒரு மரக்கட்டை ஆகியவை எப்போதும் படகில் இருக்கட்டும்.

கரைக்கு வந்ததும் ப்ரொப்பெல்லரைக் கழற்றுங்கள். பின்னால் நைலான் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தால் அது தண்டின் சீலை அறுத்திருக்கக் கூடும். கியர் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. சீலை மாற்றாமல் அடுத்த முறை படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.