வீட்டை ஹோம்ஸ்டே விடுகிறீர்களா? காப்பீட்டுக் கேள்விகளும் பதில்களும்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி: அப்பா கட்டிய வீட்டில் கீழே நாங்கள் குடியிருக்கிறோம். மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம். வீட்டுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி இருக்கிறது. அது போதாதா?

போதாது. ஆனால் பயந்து பாலிசியை ரத்து செய்துவிட வேண்டாம். அது நல்ல பாலிசிதான். குடியிருக்கும் வீட்டுக்காக எழுதப்பட்டது என்பதுதான் விஷயம்.

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே மாதிரி வாசகத்தோடு விற்கும் பாலிசி இது. தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைந்து வழிவது எல்லாம் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்தால், வீட்டுச் சாமான்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை தானாகவே சேர்ந்துவிடும். தொகையைக் குறைத்துக் காப்பீடு செய்திருந்தாலும், அதைக் காரணம் காட்டி இழப்பீட்டில் பிடித்தம் செய்ய மாட்டார்கள். குடும்பங்களுக்கு இது பெரிய சலுகை.

சிக்கல் வீட்டின் உபயோகத்தில் வருகிறது. மாத வாடகைக்குக் குடித்தனம் வைத்தாலும் அது குடியிருப்புதான். தினம் ஒரு கூட்டம் வந்து தங்கிப் போனால் காப்பீட்டு நிறுவனம் அதைத் தொழிலாகப் பார்க்கும். அடுப்பு, கீசர், சுவிட்ச் எல்லாவற்றையும் பழக்கமில்லாத கைகள் தொடுகின்றன என்பதால் ஆபத்தின் அளவே வேறு. உபயோகம் மாறியதைச் சொல்லாமல் இருந்தால், மாடியில் தீப்பிடித்த அன்று கிளெய்மை மறுக்க நிறுவனத்துக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் பார்ப்பது யார் தங்கியிருந்தார்கள் என்பதைத்தான். உங்கள் வீட்டின் படமும் வாடகையும் இணையத்தில் இருக்கும்போது மறைக்கவும் முடியாது.

எனவே இந்த வாரமே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பாலிசி எண், எத்தனை அறை, ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர், வருடத்தில் சுமார் எத்தனை நாள், நீங்கள் அதே வீட்டில் இருக்கிறீர்களா, விருந்தினர் சமைக்கிறார்களா, கேம்ப் ஃபயர் உண்டா – இத்தனையும் எழுதி, 'இந்த உபயோகத்துக்கு இதே பாலிசி செல்லுமா? செல்லும் என்றால் எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு சேரும் திருத்தக் குறிப்பு) போட்டுத் தாருங்கள்' என்று கேளுங்கள். 'அதெல்லாம் பிரச்சினை இல்லை மேடம்' என்று ஏஜென்ட் போனில் சொல்வது செல்லாது. எழுத்தில் பதில் வர வேண்டும்.

செல்லாது என்றால், மாடிப் பகுதிக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' கேளுங்கள். ஓரிடத்தில் மொத்தச் சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ள சிறுதொழில்களுக்கான தீ பாலிசி அது. ஒரு எச்சரிக்கை: இதில் தொகையைக் குறைத்துக் காப்பீடு செய்ததற்கான சலுகை 15 சதவீதக் குறைவு வரைதான். திரும்பக் கட்ட 50 லட்சம் ஆகும் கட்டடத்தை 40 லட்சத்துக்குக் காப்பீடு செய்தால் குறைவு 20 சதவீதம். அப்போது 10 லட்சம் ரூபாய் சேதத்துக்கு 8 லட்சம்தான் கைக்கு வரும். மதிப்பு போடும்போது நிலத்தின் விலையைச் சேர்க்காதீர்கள். இன்றைய கட்டுமானச் செலவை மட்டும் கணக்கிடுங்கள்.

கொடைக்கானலிலிருந்து ஒரு வாசகர்: தங்க வருகிறவர்களுக்கு ஏதாவது அடிபட்டால் நான் பொறுப்பா? 'எந்த அசம்பாவிதத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று வாசலிலேயே போர்டு வைத்திருக்கிறேன்.

போர்டு உங்களைக் காப்பாற்றாது. டிவி உடைந்தால் சில ஆயிரத்தோடு போகும். ஒரு உயிர் போனால் வீட்டையே விற்க வேண்டி வரலாம். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களில் பலர் கட்டடத்துக்குப் பாலிசி எடுத்துவிட்டு விருந்தினர் பொறுப்புக்கான காப்பீட்டை விட்டுவிடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

2019-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. டெல்லி நட்சத்திர ஓட்டல் ஒன்றில் விருந்தினர் சாவியை ஊழியரிடம் கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடு போனது. 'கார் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பு' என்று டோக்கனிலேயே அச்சடித்திருந்தது ஓட்டல். தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை அப்படி ஒரு வரியால் கழற்றிவிட முடியாது என்றது நீதிமன்றம். கார்க்காரருக்கு இழப்பீடு கொடுத்த காப்பீட்டு நிறுவனமும் ஓட்டலுக்கு எதிராக அந்த வழக்கில் நின்றது என்பதைக் கவனியுங்கள். விருந்தினர் உங்களைச் சும்மா விட்டாலும் அவருக்குப் பணம் கொடுத்த நிறுவனம் உங்களிடம் வரலாம். காசு கொடுத்துத் தங்குகிறவர் நுகர்வோர் என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போக முடியும்.

உங்களுக்குத் தேவை பொதுப் பொறுப்புக் காப்பீடு. கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள்: 1991-ம் ஆண்டுச் சட்டப்படி எடுக்கும் பொதுப் பொறுப்பு பாலிசி அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் ஆலைகளுக்கானது, அது உங்களுக்கு வேண்டாம். ஓட்டல், விடுதிகளுக்குக் கொடுக்கும் பொறுப்பு பாலிசிதான் வேண்டும். வீட்டு உபயோக பேக்கேஜ் பாலிசிகளில் பொறுப்பு என்று ஒரு பிரிவு இருக்கும். தொழிலால் வரும் பொறுப்பு அதில் விலக்கு என்பதால் நம்ப வேண்டாம். பாலிசியில் ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு என்று இரண்டு வரம்புகள் இருக்கும். உணவு கொடுக்கிறீர்கள் என்றால் உணவு நஞ்சாதல், நீச்சல் குளம் இருந்தால் அது – இரண்டும் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். விபத்து நடந்தால் அன்றே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க யாரும் தடை சொல்லப் போவதில்லை. ஆனால் நிறுவனத்தைக் கேட்காமல் 'என் தப்புதான், இவ்வளவு தருகிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் பாலிசி நிபந்தனையை மீறியதாகிவிடும்.

மலை வீடுகளில் உயிரைக் குடிக்கும் ஆபத்துகளில் ஒன்று கார்பன் மோனாக்சைடு. பார்பிக்யூ முடிந்ததும் குளிர் தாங்காமல் கனன்றுகொண்டிருக்கும் கரியை அறைக்குள் எடுத்துப் போய்க் கதவைச் சாத்திவிடுகிறார்கள். வாசனை இல்லாத வாயு; தூங்குகிறவர் விழிப்பதே இல்லை. கரி அடுப்பை இரவு உங்கள் ஆளே திரும்ப வாங்கித் தண்ணீர் ஊற்றி அணைக்கட்டும். போர்வையும் ரூம் ஹீட்டரும் தாராளமாகக் கொடுங்கள். குளிர் இல்லாவிட்டால் கரியைத் தேட மாட்டார்கள். கேஸ் கீசர் குளியலறைக்குள் இருந்தால் உடனே வெளிச்சுவருக்கு மாற்றுங்கள். மின்சாரக் கீசர் இருக்கும் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் டிரிப்பர் போட்டு, அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். செய்த தேதியையும் எலக்ட்ரீஷியன் பில்லையும் வைத்திருந்தால், கவனக்குறைவு இல்லை என்று காட்ட அதுவே ஆதாரம்.

சமையல் கேஸ் விஷயமும் இதில் வருகிறது. எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீட்டில் சிலிண்டர் விபத்து உயிரிழப்புக்கு நபருக்கு 6 லட்சம், பதிவு செய்த முகவரியில் சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை உண்டு. வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டரை விடுதிச் சமையலுக்கு வைத்திருந்தால் அது விதிமீறல். இழப்பீட்டுப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். வணிக உபயோகத்துக்கு 19 கிலோ சிலிண்டர் வாங்குங்கள். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: வேளச்சேரியில் உள்ள என் ஃபிளாட்டை ஏர்பிஎன்பி என்ற தங்குமிடப் பதிவுத் தளத்தில் போட்டிருக்கிறேன். அவர்களே 30 லட்சம் டாலர் வரை பாதுகாப்பு தருகிறார்களே, தனியாக எதற்கு?

அந்தத் தொகை சரிதான். ஆனால் சேதத்துக்கான அந்த 30 லட்சம் டாலர் பாதுகாப்பு காப்பீடு அல்ல என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அது நிறுவனம் தன் நிபந்தனைகளின்படி தரும் உறுதி. விருந்தினருக்கு அடிபட்டால் வரும் பொறுப்புக்கு 10 லட்சம் டாலர் வரையிலான காப்பீடு அதில் தனிப் பகுதி. விருந்தினர் வெளியேறிய 14 நாளுக்குள் படம், பில்லோடு சேதத்தைக் கேட்க வேண்டும். ரொக்கம் போனால் கிடைக்காது. நாள்பட்ட தேய்மானத்துக்கும் கிடைக்காது. தளத்தின் வழியாகப் பதிவு செய்த தங்கலுக்கு மட்டுமே இவையெல்லாம். 'கமிஷன் மிச்சம் சார், அடுத்த தடவை வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு வருகிறோம்' என்று பழைய விருந்தினர் நேரடியாக வந்தால் அன்றைக்கு உங்களுக்கு எதுவும் இல்லை.

திருட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரண பர்க்லரி பாலிசிக்குப் பூட்டை உடைத்தது, கதவைப் பெயர்த்தது என்று பலாத்காரமாக நுழைந்த தடயம் வேண்டும். நீங்களே சாவி கொடுத்து உள்ளே விட்ட ஆள் எடுத்துப் போனால் அது விலக்கு. கிருஹ ரக்ஷாவில் திருட்டு என்று ஒரு வரி இருக்கிறதே என்பீர்கள். அது தீ, வெள்ளம் போன்றது நடந்து 7 நாளுக்குள் போகும் பொருளுக்கு மட்டும். ஆகவே நகை, பத்திரம், பாஸ்போர்ட் எதையும் அந்த ஃபிளாட்டில் பூட்டிக்கூட வைக்காதீர்கள்.

ஃபிளாட்டில் இன்னொன்று: குழாயைத் திறந்து வைத்துவிட்டு விருந்தினர் மெரினாவுக்குப் போய்விட்டார், கீழ்வீட்டுக் கூரையும் மர வேலையும் நாசம் என்றால், அந்தச் செலவு உங்கள் வீட்டு பாலிசியில் வராது. அது பிறர் சொத்துக்கு நேர்ந்த சேதம். பொறுப்பு பாலிசியில்தான் வரும். குடியிருப்போர் சங்கத்தின் விதிகள் குறுகிய கால வாடகையை அனுமதிக்கின்றனவா என்றும் பாருங்கள். வெளிநாட்டவர் தங்கினால் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரங்களை (முன்பு படிவம் 'சி' என்றது) அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: ஏற்காட்டில் வாங்கிய வீட்டுக்கு வங்கிக் கடனோடு இன்ஷூரன்ஸும் பிடித்துவிட்டார்கள். அதுவே இருக்கட்டுமா?

பாலிசி நகலை முதலில் வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். பலரிடம் அது இருப்பதே இல்லை. அதில் மூன்று இடங்களைப் பாருங்கள். தொகை கடன் அளவுக்கா, முழுக் கட்டடத்துக்கா? சாமான்கள் சேர்ந்திருக்கின்றனவா? உபயோகம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? வங்கியின் பெயர் பாலிசியில் இருந்தால் இழப்பீட்டில் முதல் உரிமை வங்கிக்குத்தான். கடன் ஒப்பந்தத்திலும் 'குடியிருப்புக்கு மட்டும்' என்ற நிபந்தனை இருக்கலாம். வங்கிக்கும் எழுதிக் கேட்டுவிடுங்கள். சில கடன்களோடு வருவது உயிர்க் காப்பீடாக இருக்கும், வீட்டுக்குச் சம்பந்தமே இருக்காது.

புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: வாடகைக்கு எடுத்த வீட்டை நான் ஹோம்ஸ்டேவாக விடலாமா? பாலிசி யார் பெயரில்?

வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் செய்யாதீர்கள். கட்டடத்துக்குப் பாலிசி அவர்தான் எடுக்க வேண்டும், உபயோகத்தையும் அவர்தான் தெரிவிக்க வேண்டும். உங்கள் கட்டில், ஏசி, பாத்திரங்களுக்கும் விருந்தினர் பொறுப்புக்கும் நீங்கள் எடுங்கள். உங்கள் விருந்தினரால் தீப்பிடித்தால் வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்த நிறுவனம் உங்களிடம் வசூலிக்க வரும் என்பதால் பொறுப்புத் தொகையைக் கட்டடத்தின் மதிப்பை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

கோவையிலிருந்து ஒரு வாசகர்: ஷார்ட் சர்க்யூட்டில் ஓர் அறை எரிந்தது. 'வணிக உபயோகம்' என்று கிளெய்மை மறுத்துவிட்டார்கள். நான் முன்பே மின்னஞ்சலில் தெரிவித்திருந்தேன்.

அந்த மின்னஞ்சல்தான் உங்கள் பலம். எந்த நிபந்தனையின் கீழ் மறுத்தார்கள் என்று எண்ணோடு எழுத்தில் கேளுங்கள், சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் நகலை இணைத்துப் புகார் அனுப்புங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' புகார் தளத்திலும் பதியுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்க முடியாததாக இருந்தாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பு சொல்ல அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. நிறுவனத்தின் இறுதி மறுப்பு வந்த ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். அதே விஷயத்தை நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே போட்டிருந்தால் ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார் என்பதால், எங்கே போவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். எரிந்த வயரையும் சுவிட்ச் பெட்டியையும் அதுவரை தூக்கிப் போட வேண்டாம்.