வெயிலுக்குக் காசில்லை, சுடுதண்ணீருக்கு உண்டு

பினாங்கிலிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் சூரிய வெப்பத்தில் தண்ணீர் சுடவைக்க எந்தக் கருவி நல்லது என்று கேட்டவர்கள் குறைவு. அதற்கு யார் முதலீடு போடுவது என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், அதுதான் சரியான கேள்வி.

ஜெலுத்தோங்கில் டோபி கடை (சலவைக் கடை) வைத்திருக்கிறேன். "முதலீடு வேண்டாம், கூரையில் சூரிய ஹீட்டரை நாங்களே மாட்டுகிறோம், பத்து வருடத்துக்கு மாதாமாதம் கட்டினால் போதும்" என்று ஒரு கம்பெனி வந்து நிற்கிறது. கையெழுத்துப் போடலாமா?

எதற்குக் கட்டுகிறீர்கள் என்று தெரிந்த பிறகு போடலாம். இந்த ஒப்பந்தங்கள் மேலே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே பிரித்தால் மூன்று வகை. முதல் வகை வெறும் வாடகை: தண்ணீர் சுட்டாலும் சுடாவிட்டாலும் மாதம் இவ்வளவு. இன்னொன்று, வெப்பத்தை மீட்டர் வைத்து அளந்து, கிலோவாட் மணிக்கு இத்தனை காசு என்று விற்பது. மூன்றாவதில், மிச்சமாகும் கேஸ் செலவை நீங்களும் கம்பெனியும் பங்கு போட்டுக்கொள்வீர்கள். எஸ்கோ, அதாவது எரிசக்திச் சேவை நிறுவனம், என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் இது அதிகம். ஆனால் 'மிச்சம்' எவ்வளவு என்பதில்தான் பிறகு சண்டை வரும். அதனால் டோபி கடைக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

விலை சரியா என்று பார்க்க ஒரு கணக்கு. ஒரு கிலோ கேஸ், பாய்லர் நஷ்டம் போக, சுமார் 10 கிலோவாட் மணி வெப்பம் தரும். கடைக்கு வரும் கேஸ் கிலோ 5 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோவாட் மணி வெப்பம் 50 காசு. கம்பெனி 45 காசுக்குத் தருகிறேன் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் 'ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏற்றம்' என்று ஒரு வரி இருந்தால், மூன்றாவது ஏற்றத்தில் அது 52 காசு. கேஸ் விலை நகராமல் இருந்தால் அப்போதே நீங்கள் நஷ்டத்தில். 14 கிலோ கேஸ் தோம்பு (சிலிண்டர்) 26 வெள்ளி 60 காசு என்ற விலையை வைத்து மட்டும் கணக்குப் போடாதீர்கள். அது வீட்டு அடுப்புக்கான மானிய விலை.

கூரை அளவையும் பார்த்துவிடுங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக 37 கிலோவாட் மணி வேண்டும். நம் ஊர் வெயிலில் வெயிலை வாங்கிச் சூடாகும் தகடு ஒரு சதுர மீட்டர் இருந்தால், ஒரு நாளில் இரண்டு, இரண்டரை கிலோவாட் மணி கொடுத்தால் நல்லது. ஆக ஆயிரம் லிட்டருக்குப் பதினைந்திலிருந்து பதினெட்டு சதுர மீட்டர். உங்களுக்கு எத்தனை லிட்டர் தேவை என்று கேட்காமலே ஐம்பது சதுர மீட்டருக்குப் படம் வரைந்துகொண்டு வருகிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

மீட்டர் மீட்டர் என்று நான் அடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை ஒரு தங்கும் விடுதியின் கூரைக்குப் போனேன். நண்பகல், சுள்ளென்று வெயில். தகட்டிலிருந்து இறங்கி வரும் குழாயில் கை வைத்தால் பைப் தண்ணீர் மாதிரி சில்லென்று இருக்கிறது. சென்சார் செத்து, பம்பு நின்று ஆறு மாதமாகியிருந்தது. கீழே யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் கேஸ் பாய்லர் சத்தமில்லாமல் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஷவரில் சுடுதண்ணீர் வந்துகொண்டே இருந்தது, அறைவாசிகள் யாரும் குறை சொல்லவில்லை. முதலாளி மட்டும் கேஸுக்கும் கட்டி, ஹீட்டர் வாடகையும் கட்டிக்கொண்டிருந்தார். வெப்பத்தை அளந்து விற்கும் ஒப்பந்தமாக இருந்திருந்தால் முதல் மாதமே கம்பெனிக்காரர் பதறிக்கொண்டு ஓடி வந்திருப்பார்.

என் கடை வாடகைக் கடை. இரண்டு வருடம், பிறகு ஒரு வருட நீட்டிப்பு. எனக்கும் இது ஒத்துவருமா?

மூன்று வருட வாடகையை வைத்துக்கொண்டு பத்து வருடக் கடமையில் மாட்டாதீர்கள். தேசிய நிலச் சட்டப்படி மூன்று வருடத்துக்கு மேற்பட்டால் அது குத்தகை, பதிவு செய்ய வேண்டும். கட்டடச் சொந்தக்காரரையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். அவர் வர மறுத்தால், எந்த வருடம் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற அட்டவணையைக் கையெழுத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீட்டை விடுதியாக்கியிருக்கிறோம். 14 அறைகள். சூரிய ஹீட்டரா, காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தண்ணீருக்குத் தரும் ஹீட் பம்பா?

ஹீட் பம்ப். சூரிய வெப்பத்தை வைத்துப் பிழைப்பவன் இப்படிச் சொல்வது எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் நீங்கள் இருப்பது 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வட்டாரம். ஓட்டுக் கூரைமேல் எதை வைப்பதென்றாலும் முதலில் மாநகர் மன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும். ஹீட் பம்பைப் பின்கட்டிலேயே வைத்துவிடலாம். ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்குக்கு மேல் வெப்பம் தரும். சொந்தப் பணத்திலேயே வாங்குங்கள், இந்த அளவுக்கு ஒப்பந்தம் எழுதும் செலவே அதிகம்.

புக்கிட் மின்யாக்கில் உணவுத் தொழிற்சாலை. சொந்தமாகவே போட நினைக்கிறோம். கருவியை அடமானமாக ஏற்க மாட்டோம் என்கிறது வங்கி.

வங்கியைக் குறை சொல்ல முடியாது. கூரையிலிருந்து கழற்றிய தகட்டையும் குழாயையும் யார் வாங்குவார்? அதனால் வங்கி உங்கள் வியாபாரத்தின் பண வரவைப் பார்க்கும், இல்லாவிட்டால் உத்தரவாதம் கேட்கும். சிறு நடுத்தரத் தொழில்களுக்கென்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022-ல் தொடங்கிய குறைந்த கார்பன் மாற்ற நிதியைப் பற்றி முதலில் கேளுங்கள். அப்புறம் பசுமைத் தொழில்நுட்ப நிதித் திட்டம். 2010-லிருந்து கட்டம் கட்டமாகத் திறந்து மூடும் திட்டம் அது. வட்டியில் ஒரு பகுதியை அரசு ஏற்கும், கடனுக்கு உத்தரவாதமும் உண்டு. இப்போது திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு அலையுங்கள். இஸ்லாமிய வங்கிகளின் இஜாரா, அதாவது குத்தகை முறை, எல்லாருக்கும் பொது. கருவி வங்கியின் பெயரிலேயே இருப்பதால் அங்கே பேச்சு சில சமயம் சுலபமாக முடியும்.

பசுமை முதலீட்டு வரிச் சலுகையை நம்பித் திட்டம் போடுவதானால், நீங்கள் வாங்கும் கருவி மைஹிஜாவ் என்ற அரசின் பசுமைப் பொருள் பட்டியலில் இருக்கிறதா என்று ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். வாங்கிய பிறகு ஓடி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. இன்னொன்று: குளிர்சாதன அறைகளின் கம்ப்ரசரிலிருந்து வீணாகப் போகும் சூட்டை முதலில் பிடியுங்கள். அதற்குப் பிறகு பார்த்தால் கடன் தொகை குறைந்திருக்கும்.

வீட்டில் மிச்சமாகும் வெப்பத்தை மின்சாரக் கம்பெனியான தெனாகாவுக்கு விற்க முடியுமா?

முடியாது. 2011-ல் வந்த விற்பனைத் திட்டமும் சரி, பிறகு வந்தவையும் சரி, மின்சாரத்துக்கு மட்டும்தான். தொட்டி நிறையச் சூடாகிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். அதனால் தேவையைவிடக் கொஞ்சம் சிறியதாகவே வாங்குங்கள்.

செப்டம்பர், அக்டோபர் மழையில் வெப்பம் குறைந்தால் கம்பெனி நஷ்டஈடு தருமா?

மாதக் கணக்கில் உத்தரவாதம் கேட்டால் எவரும் தரமாட்டார்கள், தந்தாலும் விலையில் ஏற்றிவிடுவார்கள். வருடத்துக்கு இத்தனை கிலோவாட் மணி என்று கேளுங்கள். கூடவே, 'வாடிக்கையாளர் பயன்படுத்தாவிட்டாலும் கட்ட வேண்டும்' என்ற குறைந்தபட்ச அளவு எவ்வளவு என்று பாருங்கள். நோன்புப் பெருநாளுக்கு நீங்கள் ஒரு வாரம் கடையை மூடினாலும் தகட்டின்மேல் வெயில் அடித்துக்கொண்டுதான் இருக்கும். அந்த வாரத்துக்கு யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.