முட்டையோடு வலையில் சிக்கும் சிங்கி இறாலை ஏன் கடலில் விடச் சொல்கிறார்கள்?

சிங்கி இறாலைக் கையில் எடுத்து மல்லாத்திப் பாருங்கள். பெண்ணாக இருந்தால் கடைசி ஜோடிக் காலின் நுனியில் சின்னக் கொடுக்கு ஒன்று இருக்கும். இணைசேரும்போது ஆண், விந்துப் பொட்டலத்தைப் பெண்ணின் நெஞ்சில் தார் அப்பியதுபோல் ஒட்டிவிடும். முட்டையிடும் நேரத்தில் பெண் அந்தக் கொடுக்கால் அதைச் சுரண்டும். அப்போதுதான் முட்டைகள் கருவுறும். பிறகு வாலடியில் கொத்துக்கொத்தாகச் சுமக்கும். முதலில் ஆரஞ்சு நிறம். பழுப்பாக மாறினால் பொரிக்கும் காலம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஒரு தாயிடம் லட்சக்கணக்கில் முட்டை இருக்குமே, ஒன்றிரண்டு போனால் என்ன என்று தோன்றும். ஆனால் பொரித்த குஞ்சு இறால் மாதிரியே இருக்காது. கண்ணாடித் தகடு போன்ற அந்த இளம் உயிரி பல மாதம் நடுக்கடலில் மிதந்து, பெரும்பாலும் யாருக்கோ இரையாகிவிடும். இவ்வளவு நீண்ட இளம்பருவம் என்பதால்தான் பொரிப்பகத்தில் வளர்ப்பதும் பெரும்பாடு. ஆக, கடலில் இருக்கும் தாய்தான் விதை நெல்.

முட்டையைத் தேய்த்து எடுத்துவிட்டு விற்பவர்களும் உண்டு. அதைவிட மோசம் வேறில்லை.

அப்புறம், அளவு. 2003 முதல் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் பனுலிரஸ் ஹோமாரஸ் என்ற சிங்கி இறால் வகைக்கு குறைந்தது 200 கிராம் எடை வேண்டும். உள்ளூர்ச் சந்தையை அந்த விதி தொடுவதில்லை.