பைபோலார் ஃபோர்செப்ஸ் வாங்கப் போறீங்களா? முதல்ல பின்பக்கத்தைப் பாருங்க

கேள்வி: வணக்கம் சார். கும்பகோணம் பக்கத்துல 20 பெட் ஆஸ்பத்திரி, நான் தியேட்டர் இன்சார்ஜ் சிஸ்டர். வாரத்துல ரெண்டு நாள் ஈஎன்டி டாக்டர் வந்து டான்சில் கேஸ் பண்றாரு. இருக்கிற பைபோலார் ஃபோர்செப்ஸ்ல (கரண்ட் சூட்டால ரத்தத்தை நிறுத்துற இடுக்கி) சதை ஒட்டிக்குது, பிரிச்சு எடுத்தா நின்ன ரத்தம் திரும்ப வருதுன்னு ஒவ்வொரு கேஸ்லயும் சத்தம் போடுறாரு. ரெண்டு கொட்டேஷன் வாங்கி வச்சிருக்கேன், ஒண்ணு சாதா ஸ்டீல், இன்னொண்ணு வெள்ளி டிப் நான்-ஸ்டிக், ரேட் மூணு மடங்கு. மேனேஜ்மென்ட்ல கம்மி ரேட்டையே எடுங்கன்னு சொல்றாங்க. என்ன பண்ண?

பதில்: சிஸ்டர், ரேட்டுக்கு அப்புறம் வரலாம், முதல்ல பழைய ஃபோர்செப்ஸோட பின்பக்கத்தைப் பாருங்க. கேபிள் மாட்டுற இடத்துல ரெண்டு உருண்டை பின் நீட்டிக்கிட்டு இருந்தா அமெரிக்கன் டைப், தட்டையா இருந்தா யூரோப்பியன் டைப், ஒண்ணோட கேபிள் இன்னொண்ணுக்கு சேராது. கரண்ட் குடுக்கிற மெஷின்ல சொருகுற கேபிள் முனையும் கம்பெனிக்கு கம்பெனி மாறும். நான் பர்சேஸ் பாத்துக்கிட்டு இருந்தப்ப ஒரு சப்ளையர் எல்லா மெஷினுக்கும் சேரும் சார்னு சொன்னாரு, நம்பி ஆறு பீஸ் எடுத்தோம், பில்லும் பாஸ் ஆயிடுச்சு, அப்புறம் தியேட்டர்ல மாட்டப் போனா ஒண்ணுகூட சேரல, திருப்பியும் எடுத்துக்கல, கடைசியில தனியா கேபிள் வாங்கித்தான் ஓட்டினோம். நீங்க ரெண்டு முனையையும் செல்லுல போட்டோ எடுத்து சப்ளையருக்கு அனுப்பி, சேரும்னு எழுத்துல வாங்கிடுங்க.

இப்போ ஒட்டுற விஷயம். பைபோலார்ல கரண்ட் ரெண்டு டிப்புக்கும் நடுவுல பிடிச்சிருக்கிற சதை வழியா மட்டும்தான் போகும், அதனாலதான் ஒரே முனையால கரண்ட் குடுக்கிற மோனோபோலார் மாதிரி பேஷன்ட் உடம்புல பிளேட் ஒட்ட வேண்டியதில்ல. அந்த கடுகளவு இடத்துல சூடு ஏறி, சதை காஞ்சு கருகினா டிப்போட சேர்ந்து ஒட்டிக்கும். ஸ்டீலைவிட வெள்ளி சூட்டை வேகமா கடத்திடும், அதனால ஒட்டுறது குறையும். ஆனா பவரை ஏத்தி வச்சு பெடலை அழுத்திக்கிட்டே இருந்தா வெள்ளியும் ஒட்டத்தான் செய்யும். அதனால வாங்குறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லி செட்டிங்கை கொஞ்சம் குறைச்சுப் பாருங்க, நடுநடுவுல ஈர காஸ் துணியால டிப்பைத் துடைச்சுக் குடுங்க. கரியை பிளேடால சுரண்டுற பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்திடுங்க, கீறல் விழுந்த டிப்புல இன்னும் அதிகமா ஒட்டும்.

இவ்வளவும் பண்ணியும் ஒட்டினா வெள்ளி டிப்பையே வாங்குங்க, டான்சிலுக்கு அந்தக் காசு வீண் இல்ல. பேயோனட் ஷேப், அதாவது நடுவுல படி மாதிரி வளைஞ்சது எடுங்க, டாக்டரோட கை வாயை மறைக்காது. நீளம் 20 செ.மீ. பக்கம், டிப் 1 மி.மீ. அளவு போதும். 0.5 மி.மீ. எல்லாம் மூளை ஆபரேஷன் மாதிரி நுணுக்கமான வேலைக்கு, டான்சில் எடுத்த இடத்துல கசியிற ரத்தத்துக்கு அது பத்தாது.

நான் ரொம்ப பயப்படுறது இன்சுலேஷனுக்குத்தான், அதாவது கரண்ட் வெளிய கசியாம இருக்க மேல பூசியிருக்கிற கோட்டிங். டான்சில் கேஸ்ல ஃபோர்செப்ஸோட நடுப்பகுதி உதட்டு ஓரத்துல பட்டுக்கிட்டே இருக்கும், அங்க கோட்டிங் மயிரிழை விட்டிருந்தாலும் குழந்தையோட உதடு வெந்துடும், டாக்டர் கண்ணு தொண்டைக்குள்ள இருக்கிறதால யாருக்கும் தெரியாது. தயவுசெஞ்சு ஒவ்வொரு தடவை ஆட்டோகிளேவுக்கு (நீராவியில கிருமி நீக்குற மெஷின்) போறதுக்கு முன்னாடியும் லென்ஸ் வச்சு அந்த வளைவைப் பாருங்க. கோட்டிங் உரிஞ்சிருந்தா டேப் சுத்தி ஓட்டாதீங்க, ஓரம் கட்டிடுங்க. உங்க எலக்ட்ரீஷியன்கிட்ட மல்டிமீட்டர் இருக்கும், டிப் ரெண்டும் விலகி இருக்கும்போது பின்பக்கம் ரெண்டு பின்லயும் வச்சுப் பாக்கச் சொல்லுங்க, பீப் அடிச்சா உள்ளுக்குள்ள ஷார்ட், அந்த பீஸ் வேண்டாம்.

சாம்பிள் கேளுங்க, தராத சப்ளையர்கிட்ட வாங்காதீங்க. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு மெதுவா அமுக்குங்க, ரெண்டு டிப்பும் நேருக்கு நேரா சேரணும், ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கினா ரத்தக்குழாயைப் பிடிக்காது. அப்புறம் சலைன்ல நனைச்ச கோழிக்கறித் துண்டுல டாக்டரையே நாலு தடவை கரண்ட் குடுத்துப் பாக்கச் சொல்லுங்க, அவர் கைக்கு ஸ்பிரிங் டைட்டா லூசான்னும் அப்போதான் தெரியும். சோதிச்ச பீஸை கேஸுக்கு எடுத்துடாதீங்க.

மேனேஜ்மென்ட்டுக்கு, ரெண்டு பீஸும் 134 டிகிரி ஆட்டோகிளேவ்ல எத்தனை தடவை தாங்கும்னு கம்பெனி பேப்பர்ல போட்டிருக்கிறதைப் பாத்து ரேட்டை அதால வகுத்துக் காட்டுங்க. ஒரு கேஸுக்கு எவ்வளவுன்னு வந்துடும். லேபிள்ல 2017 மருத்துவக் கருவி விதிகள்படி லைசென்ஸ் நம்பர் இருக்கான்னும் பாருங்க, இந்தியாவுல செஞ்சதா இருந்தா லைசென்ஸ் ஃபார்ம் எம்டி-5 இல்லன்னா எம்டி-9, இம்போர்ட்டா இருந்தா எம்டி-15. நம்பர் இல்லாத சரக்கு சும்மா குடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: டிஸ்போசபிள் பைபோலாரை கழுவி ரெண்டு மூணு தடவை யூஸ் பண்ணலாமான்னு எங்க கிளினிக்ல கேக்குறாங்க சார்.

பதில்: கூடாதுங்க. கவர்ல வட்டத்துக்குள்ள 2-ன்னு போட்டு குறுக்கே கோடு அடிச்சிருக்கும், ஒரே தடவைதான்னு அர்த்தம். அதோட கோட்டிங்கும் கேபிளும் ஆட்டோகிளேவ் சூட்டுக்குன்னு செஞ்சது கிடையாது. மாசத்துக்கு நாலஞ்சு கேஸ்தான்னா டிஸ்போசபிளை ஒரு தடவையோட தூக்கிப் போடுங்க, அதுக்கு மேல போனா ரீயூசபிள் ரெண்டு வாங்கி மாத்தி மாத்தி வச்சுக்குங்க.