ஒருவனைத் திட்டி, ஒருவனைத் தட்டிக்கொடுத்து: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். 16 வயதுக்குட்பட்ட பையன்களுக்குக் கால்பந்து சொல்லித்தருகிறேன். பாதிப் பேர் பக்கத்து ஹட்டிகளிலிருந்து, அதாவது படுகர் ஊர்களிலிருந்து வருகிறவர்கள், மீதிப் பேர் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து. நீங்கள் கால்பந்து பற்றி எழுதுவதை விடாமல் படிப்பவன் என்ற உரிமையில் ஒரு கேள்வி.

எனக்குக் கோபம் அதிகம். கிரவுண்டில் கத்திவிடுவேன். போன மாதம் ஜோனல் மேட்சில் ஹாஃப் டைமில் இரண்டு பேரைப் பிடித்துத் திட்டினேன். ஒருத்தன் ஸ்டாப்பர், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். திட்டத் திட்ட அவனுக்கு ரோஷம் ஏறும். இரண்டாம் பாதியில் அவனைத் தாண்டி ஒரு பந்து போகவில்லை. இன்னொருத்தன் லெஃப்ட் விங். டீமிலேயே காலில் வித்தை உள்ளவன் அவன்தான். திட்டு விழுந்ததும் முகம் சுண்டிப்போய்விட்டது. அதன்பிறகு பந்து காலுக்கு வந்தாலே பதறிப்போய் பக்கத்தில் இருப்பவனிடம் தட்டிவிட்டான். மறுவாரத்திலிருந்து பிராக்டீஸுக்கும் வரவில்லை.

"அடியாத மாடு படியாது, விடுங்க மாஸ்டர்" என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜராக இருந்த ஃபெர்குசன் கத்தாத கத்தா, அவர் ஜெயிக்கவில்லையா என்று நானும் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. ஒருவனைத் திட்டி இன்னொருவனைத் தட்டிக்கொடுத்தால் மற்ற பையன்கள் பாரபட்சம் என்று நினைக்க மாட்டார்களா? கண்டிப்பையும் விட முடியாது, பையனையும் விட முடியாது. என்ன செய்யட்டும்?

எஸ்., கோத்தகிரி

*

அன்புள்ள எஸ்.,

பாரபட்சம் ஆகாது. உங்களை அதிகம் உறுத்துவது அதுதான் என்று தெரிவதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் திட்டைத் தாங்குவான், யார் நொறுங்கிப்போவான் என்பது கூட ஆடுகிற அத்தனை பையன்களுக்கும் தெரியும், ஒரே வீட்டில் வளர்கிற அண்ணன் தம்பிகளுக்குத் தெரிவதுபோல. அவர்கள் பாரபட்சம் என்று நினைப்பது வேறு விஷயங்களை. பிராக்டீஸுக்கு வராதவனை மேட்சில் இறக்கிப் பாருங்கள். கோல் அடிக்கிறவன் என்பதற்காக, பந்தைப் பறிகொடுத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்பவனைக் கண்டும் காணாமல் விட்டுப் பாருங்கள். முணுமுணுப்பு தானாகக் கிளம்பும். கிளம்பத்தான் வேண்டும்.

ஃபெர்குசனிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டது பாதி ஃபெர்குசனை. கத்தினார் என்பது உண்மை. மூஞ்சிக்கு நேராக வந்து அவர் கத்துவதற்கு 'ஹேர்டிரையர்' என்று வீரர்களே பெயர் வைத்திருந்தார்கள். 2003 பிப்ரவரியில் ஆர்சனலிடம் தோற்ற அன்று டிரெஸ்ஸிங் ரூமில் அவர் கோபத்தில் உதைத்த பூட்ஸ் பறந்துபோய் அவருடைய வீரர் பெக்காமின் கண்ணுக்கு மேலே கிழித்தது. இதெல்லாம் ஊரறிந்த கதை.

அதே மனிதர் தன் அணியின் பிரெஞ்சு வீரர் எரிக் கான்டோனாவிடம் எப்படி இருந்தார் என்று பாருங்கள். 1995 ஜனவரி 25 அன்று கிரிஸ்டல் பேலஸ் ஆட்டத்தில் ரெட் கார்டு வாங்கி வெளியே போகும்போது, தன்னை வசைபாடிய ரசிகர் ஒருவர்மேல் பாய்ந்து உதைத்தார் கான்டோனா. செப்டம்பர் முடியும்வரை ஆடத் தடை. ஆகஸ்ட் மாதம் மனம் வெறுத்து, இங்கிலாந்தே வேண்டாம் என்று பாரிஸுக்குப் போய்விட்டார். ஃபெர்குசன் கிளம்பிப் பாரிஸ் போனார். பத்திரிகைக்காரர்கள் கண்ணில் படாமல் ஓட்டலின் பின்வழியாக வெளியேறி, மோட்டார் பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து அவரைத் தேடிப் போய்ப் பேசி, திரும்ப வரச் சம்மதிக்கவைத்தார். அக்டோபர் 1 அன்று லிவர்பூலுக்கு எதிராகக் கான்டோனா மறுபடி இறங்கினார். அந்த சீசனில் லீக் பட்டமும் எஃப்.ஏ. கோப்பையும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு. கோப்பை இறுதி ஆட்டத்தின் ஒரே கோல் கான்டோனாவுடையது.

மற்றவர்கள் உடையில் சின்னத் தவறு செய்தாலும் வாங்கிக்கட்டிக்கொள்வார்கள், கான்டோனா எப்படி வந்தாலும் ஃபெர்குசன் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று கூட ஆடியவர்கள் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள். கசப்போடு சொன்னவர்கள் குறைவு. ஏன்? பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில் இன்னும் கொஞ்சம் பந்து வேண்டும் என்று மைதானத்திலேயே நின்றவர் கான்டோனா. அவரைப் பார்த்து இளம் வீரர்களும் நிற்கத் தொடங்கினார்கள். அவருக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது சட்டையிலும் பேச்சிலும்தான். உழைப்பில் எதுவும் விட்டுக்கொடுக்கப்படவில்லை, அவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் பொதுவாக இருக்கவேண்டிய கண்டிப்பு அந்த உழைப்பில் இருக்கிறது. எந்தக் குரலில் அதை ஒருவனிடம் கேட்கிறீர்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறலாம், மாறத்தான் வேண்டும்.

ரொனால்டோ 18 வயதில் அங்கே போனவர். 2005இல் அவருடைய அப்பா சாகக் கிடந்தபோது, முக்கியமான ஆட்டங்கள் வரிசையாக நிற்கும் நேரத்தில், எத்தனை நாள் வேண்டுமோ போய் இருந்துவிட்டு வா என்று ஃபெர்குசன் அனுப்பினார். இதை ரொனால்டோவே சொல்லியிருக்கிறார். அவருக்காக அந்தப் பையன் பின்னால் ஆடிய ஆட்டத்தில் இதற்கு எவ்வளவு பங்கு என்று யார் அளந்து சொல்ல முடியும்? எனக்கு அது பெரிய பங்கு என்றுதான் தோன்றுகிறது.

உங்கள் பையன் லெஃப்ட் விங் என்றதும் எனக்கு உடனே ஜான் ராபர்ட்சன் ஞாபகம் வந்தார். 1975இல் பிரையன் க்ளஃப் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப்புக்கு மேனேஜராக வந்தபோது, விற்றுவிடலாம் என்று ஒதுக்கிவைத்திருந்த ஆட்டக்காரர். கொஞ்சம் தொப்பை, ஓயாத சிகரெட், வேகம் கிடையாது. க்ளஃப் நாக்கில் விஷம் உள்ளவர், ராபர்ட்சனின் கோலத்தை வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்தார். ஆனால் மைதானத்தில் அவர் செய்த ஏற்பாடு வேறு: பந்து கிடைத்தால் இடப்பக்கம் ராபர்ட்சனிடம் கொடு என்பதுதான் அந்த அணியின் ஆட்டமே. 1979 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ட்ரெவர் ஃப்ரான்சிஸ் தலையால் முட்டிய கோலுக்குப் பந்தைத் தூக்கிக்கொடுத்தது அவர். 1980 இறுதி ஆட்டத்தின் ஒரே கோலும் அவருடையதுதான். அதே அணியில் வலப்பக்கம் ஆடிய மார்ட்டின் ஓநீல் ஒரு பாராட்டுக்காக ஏங்கிய கதையையும் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். க்ளஃப் அதை அவருக்கு லேசில் தரவில்லை. ஓநீலுக்கு அது சரியான வைத்தியம்தானா என்பதில் எனக்கு இன்றும் சம்மதமில்லை.

இவர்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஃபெர்குசனுக்குச் சரிப்படாதவரை விற்க முடிந்தது. 2001இல் யாப் ஸ்டாம், 2003இல் பெக்காம் போனார்கள். கேப்டன் ராய் கீன், கூட ஆடுகிறவர்களை வெளிப்படையாகச் சாடிய பிறகு, 2005 நவம்பரில் கிளப்பைவிட்டே போனார். போன இடத்தில் அவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை, பெக்காமுக்குக் கிடைத்தது ரியல் மாட்ரிட். உங்கள் டீமைவிட்டுப் போகிற பையனுக்கு அடுத்த கிளப் ஏது? சாயங்காலம் லைன் வீட்டுத் திண்ணையில் போனை நோண்டிக்கொண்டு உட்காருவான், அவ்வளவுதான். அந்தக் கத்தலுக்குப் பின்னால் ஒரு சந்தையும் பணமும் நின்றன. உங்களுக்குப் பின்னால் அவை இல்லை. கிடைத்த பையன்களை வைத்துத்தான் ஆட வேண்டும் என்பதால், நீங்கள் பார்த்துக் கற்கவேண்டியவர் இந்திய அணியின் கோச்சாக இருந்த சையத் அப்துல் ரஹீம்.

ரஹீமும் உங்களைப்போலப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஹைதராபாத் போலீஸ் அணியை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பை வெல்லவைத்தவர். பயிற்சியில் கறார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. தாய்லாந்து ஆட்டத்தில் ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தலை கிழிந்து தையல் போட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் ஊருக்கு அனுப்பியிருப்பார்கள், அல்லது பழைய இடத்திலேயே நிறுத்தியிருப்பார்கள். ரஹீம் அவரை அரையிறுதியில் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். தலையில் கட்டோடு ஆடிய ஜர்னைல் அதிலும் கோல் அடித்தார், இறுதி ஆட்டத்திலும் அடித்தார். அந்த மனிதரின் முரட்டுத் துணிச்சலை ரஹீம் தெரிந்துவைத்திருந்தார். பேசி உசுப்பேற்றுவதற்குப் பதில் அதற்கு ஒரு வேலை கொடுத்தார்.

கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்த தமிழர் என்றாலும் நீலகிரிக்காரர்கள் அவரைச் சொந்தம் கொண்டாட நியாயம் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடுகிற வெலிங்டனில், மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் சேர்ந்து ஆடியவர். சென்டர் ஃபார்வர்டாகத் தொடங்கி கோல்கீப்பராக மாறினார். அந்த ரெஜிமென்ட் அணி 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை வென்றது. ஜகார்த்தாவில் காய்ச்சலில் கிடந்த தங்கராஜை ரஹீம் இறுதி ஆட்டத்தில் இறக்கினார். எதிரே அதே தென்கொரியா. சுற்றிலும் ஒரு லட்சம் பேர் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல்.

முந்தின இரவு யாருக்கும் தூக்கம் வரவில்லை. அன்று ரஹீம் கத்தவில்லை. நாளைக்கு எனக்கு ஒரு பரிசு வேண்டும், தங்கம் வாங்கிக்கொடுங்கள் என்று கேட்டார். அந்த அணியில் ஆடியவர்கள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம் இது. 2-1 என்று ஜெயித்தார்கள். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதற்குப் பிறகு தங்கம் வாங்கவே இல்லை. நுரையீரல் புற்றுநோயோடு இருந்த ரஹீம் 1963 ஜூனில் இறந்துபோனார். வருஷக்கணக்கில் கறாராக வேலை வாங்கிய ஒருவர் ஒரே ஒரு முறை இறங்கிவந்து கேட்டதால்தான் அந்த வேண்டுகோளுக்கு அவ்வளவு கனம். தினமும் கெஞ்சுகிறவர் கேட்டிருந்தால் எடுபட்டிருக்காது.

குன்னூர் பக்கம் ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன், முன்னாள் ராணுவக்காரர், சின்னப் பையன்களுக்குக் கோச். ஹாஃப் டைமில் முதலில் யாரிடமும் பேச மாட்டார். தண்ணீர் குடிக்கட்டும், மூச்சு வாங்கட்டும் என்று விடுவார். ஒருநாள் கேப்டனை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, ஏன்டா பின்னால் ஓடி வரவில்லை என்று மைதானம் அதிரக் கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே, "வரேன் சார்" என்றான். பிறகு, ஓரமாகப் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு ஒல்லிப் பையனிடம் போய்க் குந்தினார். அவன் பூட்ஸ் லேஸை அவிழ்த்து முதலிலிருந்து கட்டினார். தலையை நிமிர்த்தாமலே, "அந்த டிஃபென்டர் உன்னை வெளியே தள்ளிட்டே இருக்கான். மூணு தடவை அதே பக்கம் போய்ப் பந்தை விட்டே. இப்ப உள்ளே வெட்டு. மறுபடி போனாலும் பரவாயில்லை, உள்ளேதான் வெட்டணும்" என்றார். முடிச்சை இறுக்கி, கணுக்காலில் ஒரு தட்டு. பையனின் தப்பு எதையும் அவர் மறைக்கவில்லை, மூன்று தடவை என்று எண்ணியே சொன்னார். ஆனால் அதைக் கேட்டது அந்தப் பையன் மட்டும். எழுந்திருக்கும்போது அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதும் அவனிடம் இருந்தது.

உங்கள் நண்பர் சொல்லும் பழமொழி ஏரில் கட்டிய மாட்டுக்கு. உங்கள் பையன்கள் பஸ் காசு கொடுத்துத் தாமாக வருகிறவர்கள்.

அந்த விங் பையன் வீட்டுக்குப் போங்கள். பறித்த தேயிலையை எடை போட்டுவிட்டு அவன் அம்மா வீடு திரும்பியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். போனதும் கால்பந்தைப் பற்றி ஆரம்பிக்க வேண்டாம். வராமல் இருப்பதற்குத் திட்டு மட்டும்தான் காரணமா என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. வீட்டில் ஏதாவது நடந்திருக்கலாம், பூட்ஸ் கிழிந்திருக்கலாம். கேளுங்கள். அவன் இல்லாமல் இடப்பக்கம் காலியாகக் கிடக்கிறது என்று அவன் அம்மா காதிலும் விழும்படி சொல்லுங்கள். அவன் வரும் அன்று, எல்லோரையும்போல முழு ஓட்டமும் ஓடவிடுங்கள், சலுகை வேண்டாம். பிறகு கார்னர் அடிக்கும் பொறுப்பை டீம் முன்னால் அவனிடம் கொடுங்கள். திட்டியது எல்லோர் முன்னாலும் என்றால் நம்பிக்கை வைப்பதும் எல்லோர் முன்னாலும் நடக்கட்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. எனக்கு அந்த விங் பையனைவிட ஸ்டாப்பரைப் பற்றித்தான் கவலை. தாங்குகிறான் என்பதற்காக டீமின் மொத்தத் திட்டும் மெல்ல மெல்ல அவன் தலையிலேயே போய் விழும். கோல்கீப்பர் விட்ட பந்துக்கும் அவனைத்தான் கத்துவீர்கள், கைப்பழக்கம் அப்படி ஆகிவிடும். பாரபட்சம் நுழைகிற வாசல் அங்கேதான் இருக்கிறது. ரோஷக்காரன் ஒருநாள் பூட்ஸைக் கழற்றி வைத்தானென்றால் சமாதானம் பேசிக் கூட்டிவர முடியாது. அந்த ஜோனல் மேட்சின் இரண்டாம் பாதியில் அவன் நன்றாக ஆடினான் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவனிடம் சொன்னீர்களா? இந்த வாரமே தனியாகக் கூப்பிட்டு, எந்தப் பந்தை எப்படித் தடுத்தான் என்று சொல்லிப் பாராட்டுங்கள். முடிந்தால் விங் பையன் வீட்டுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்த மேட்ச் எங்கே, எப்போது என்று எழுதுங்கள். ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானமாக இருந்தால் கட்டாயம் வருகிறேன்.